ஸ்பானிஷ் தெரிந்தால் மட்டும் போதுமா? லத்தீனோ மக்களுக்குக் கவுன்சிலிங் கொடுப்பது பற்றி

வயல்வெளி எழுதியது:

அமெரிக்காவில் லத்தீனோ மக்களுக்கு, அதாவது மெக்சிகோ, கியூபா மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, கவுன்சிலிங் கொடுப்பது பற்றிய வேறொரு இழையில் ஒருவர், "மொழி தெரியாதவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்தால் முடிந்தது, இதற்கெல்லாம் தனியாகப் பயிற்சி எதற்கு" என்று கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது, அதனால் தனி இழை.

நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு கம்யூனிட்டி கிளினிக்கில் மனநல கவுன்சிலராக இருக்கிறேன். சுற்றிலும் திராட்சை, பாதாம், பீச் தோட்டங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்தத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கீழே நான் சொல்கிற ஆட்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன், நடந்தது மட்டும் நடந்தபடியே.

சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், மனைவி இறந்து நான்கு மாதம். மகள்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தாள். நான் ஸ்பானிஷை வகுப்பில் கற்றவள். வகுப்பில் ஒருவரோடு ஒருவர் 'தூ' போட்டுத்தான் பேசிப் பழகுவோம். அந்தப் பழக்கத்தில் அவரிடமும் "கோமோ தே சியென்தெஸ்?" என்று கேட்டுவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து, அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே "பியென், கிராசியாஸ்" என்றார். நாற்பது நிமிடமும் அதே பதில்தான். நன்றாக இருக்கிறேன், நன்றி. அடுத்த வாரம் ஆள் வரவில்லை.

வரவேற்பில் இருக்கும் அம்மா மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக்காரர். அவர்தான் மெல்லச் சொன்னார், "நீங்கள் அவரை 'தூ' என்று கூப்பிட்டீர்கள், கதவு திறந்திருந்தது, என் காதில் விழுந்தது." எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பானிஷில் 'தூ' என்பது நம் 'நீ'. 'உஸ்தெத்' என்பது நம் 'நீங்கள்'. ஊரில் மனைவியைப் பறிகொடுத்து வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவிடம் "நீ எப்படி இருக்கே?" என்று எந்த டாக்டராவது கேட்டால் நம் வீட்டில் என்ன நினைப்பார்கள்? இங்கிலீஷில் வளர்ந்தவர்களுக்கு இது புரிய நாளாகலாம். தமிழ் பேசிக்கொண்டே வளர்ந்த எனக்கு முதல் நிமிடத்திலேயே புரிந்திருக்க வேண்டும்.

நானே போன் செய்தேன், பெயருக்கு முன்னால் 'தோன்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து, உஸ்தெத் போட்டு. வந்தார். வந்தவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என்னைக் கேட்டார். எந்த நாடு, அங்கே என்ன விளையும், அம்மா இருக்கிறார்களா, யார் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், நெல்லு என்றேன். தண்ணீர் கட்டி நடுவீர்களா, மழையை நம்பியா என்று கேட்டார். இருபது நிமிடம் நெல்லையும் சோளத்தையும் பற்றியே பேசினோம். அப்புறம்தான், "என் மனைவி காலை 4 மணிக்கு எழுந்து தொர்த்தியா தட்டுவாள், அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் கலைவதே இல்லை, வேலைக்கு நேரம் தவறிப் போகிறது" என்று ஆரம்பித்தார்.

அந்த இருபது நிமிடத்தைச் சொந்த விஷயம் பேசி வீணடித்த நேரம் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த மக்களிடம் அதுதான் வாசல். ஆளோடு ஆளாகப் பழகிவிட்டு வேலையைப் பேசுவதற்கு பெர்சொனலிஸ்மோ என்று பெயர். அதன் வழியாக வரும் நம்பிக்கைக்கு கொன்ஃபியான்சா.

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 6.21 கோடிப் பேர், மொத்த மக்கள்தொகையில் 18.7 சதவீதம். அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் எடுத்த கணக்கில், சிகிச்சை தரும் உளவியலாளர்களில் ஸ்பானிஷில் சேவை தர முடியும் என்று சொன்னவர்கள் 5.5 சதவீதம்தான். அந்த 5.5க்குள் எத்தனை பேர் என்னைப் போல 'தூ' போட்டு ஆளை அனுப்பிவைக்கிறார்களோ என்று எனக்குக் கவலை. இங்கே மருத்துவம், பள்ளி, சமூக சேவையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

நிரலாளன் எழுதியது:

அந்த இழையில் எழுதியவன் நான்தான். உங்கள் பதிவைப் படித்தேன், மனதைத் தொட்டது. ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. மரியாதைச் சொல் தவறியது ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் நடந்திருக்காது இல்லையா? இப்போது போனிலேயே எந்த நேரத்திலும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார், செயலிகளும் நன்றாகவே இருக்கின்றன. 62 மில்லியன் பேருக்கு அவர்கள் கலாச்சாரம் தெரிந்த ஆளை எங்கே போய்த் தேடுவது? என் அப்பா அம்மா டெட்ராய்டுக்கு வந்தபோது அவர்களுக்கென்று யாரும் தமிழில் எதையும் ஏற்பாடு செய்யவில்லை, சமாளித்தார்கள். வாதத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

வயல்வெளி எழுதியது:

கேட்டதற்கு நன்றி சகோ. மொழிபெயர்ப்பாளரைப் பற்றி முதலில். 1980இல் தெற்கு ஃப்ளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயதுப் பையனை நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து "இந்தோக்சிகாதோ" என்றார்கள். கியூபா வழக்கில் அதற்கு உணவாலோ வேறு எதனாலோ உடம்பு கெட்டுப்போனது என்று பொருள். கேட்டவர்களுக்கு அது 'இன்டாக்சிகேட்டட்' என்று விழுந்தது. போதை மருந்து அதிகமாக எடுத்துக்கொண்டான் என்று முடிவு செய்து அதற்கே சிகிச்சை பார்த்தார்கள். உண்மையில் மூளைக்குள் இரத்தக் கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கை கால் நான்கும் செயலிழந்துவிட்டன. வழக்கு ஏறக்குறைய 71 மில்லியன் டாலரில் முடிந்தது. அங்கே யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவே இல்லை, எங்களுக்குத்தான் புரிகிறதே என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பயமூட்டுவது.

அதனால் மொழிபெயர்ப்பாளர் அவசியம், அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் வயிற்றுவலியை மொழிபெயர்ப்பது வேறு, மனதை மொழிபெயர்ப்பது வேறு. ஒரு பெண் "மே தா பேனா" என்று சொன்னால் ஸ்பெயினில் அது வருத்தம், மெக்சிகோவில் பெரும்பாலும் கூச்சம், வெட்கம். "கோராஹே" என்றால் அகராதியில் தைரியம் என்றும் இருக்கும், எங்கள் தோட்டத்துப் பெண்கள் சொல்வது கோபம். உள்ளே அடக்கி அடக்கி உடம்பையே சுடுகிற கோபம். "நேற்று ஒரு கோராஹே செய்தேன், அதிலிருந்து வயிறு சரியில்லை" என்பார்கள். அதைத் தைரியம் என்று எழுதிவிட்டுப் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

எனக்கு மிகப் பிடித்த சொல் 'தெசாஓகார்சே'. மனதிலுள்ளதைக் கொட்டுவது என்று அர்த்தம். 'ஆஓகார்சே' என்றால் மூழ்கி மூச்சுத் திணறுவது, அதற்கு முன்னால் எதிர்மறை முன்னொட்டு. மூழ்கினவர் மூச்சு விடுவது. எங்களிடம் வரும் பெண்கள் சிகிச்சைக்கு வந்தேன் என்று சொல்லவே மாட்டார்கள், தெசாஓகார்சே செய்ய வந்தேன் என்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த கேள்வியை எங்கே கேட்பது என்று தெரிந்துவிடும். "எப்போதிலிருந்து தண்ணீர் கழுத்துவரை வந்தது?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் கிடையாது.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

அக்கா, நான் உங்கட துறை இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் எண்ட சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க ஏலவில்லை, ஏனெண்டால் எங்கட வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான்தான். 11 வயசு. அம்மம்மாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போவம், அம்மா வேலைக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். ஒரு நாள் அந்த டொக்டர் என்னைப் பார்த்து, "இவர் எப்பவாவது செத்துப்போனால் நல்லம் எண்டு நினைக்கிறவரோ எண்டு கேள்" எண்டார். நான் அம்மம்மாவைப் பார்த்து, "நீங்கள் களைச்சுப் போனீங்களோ?" எண்டு கேட்டன். வேற என்ன கேக்கிறது? அவ "ஓமப்பு, நல்லாக் களைச்சுப் போனன்" எண்டா. நான் டொக்டரிட்ட "நோ" எண்டு சொன்னன்.

அவ அந்தக் கேள்வியைக் கேக்காமலே போய்ச் சேர்ந்திட்டா. இப்ப எனக்கு 34. அந்த "ஓமப்பு" இன்னும் காதுக்குள்ள நிக்குது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பிள்ளையளும் இப்பிடித்தான் செய்யுதுகளோ?

வயல்வெளி எழுதியது:

தம்பி, அந்தக் கேள்வியை 11 வயதுப் பிள்ளையிடம் கொடுத்தது அந்த அறையில் இருந்த பெரியவர் செய்த தவறு. நீங்கள் உங்கள் அம்மம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தீர்கள்.

ஆமாம், இங்கேயும் நிறைய நடக்கிறது. சட்டப்படி கூடாது. 2010 ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் வந்த விதிகள், அரசுப் பணம் பெறும் மருத்துவ இடங்களில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கொடுக்கச் சொல்கின்றன. உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, சிறுபிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்கின்றன. ஆனால் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வரவேற்பில் ஆள் இல்லாதபோது, பக்கத்தில் சரளமாக இங்கிலீஷ் பேசும் மகள் நிற்கும்போது, கை தானாக அந்தப் பிள்ளை பக்கம் நீள்கிறது. அப்பாவின் குடியைப் பற்றி, அம்மாவை அவர் அடிப்பதைப் பற்றி அந்தப் பிள்ளை வாயால் சொல்லவேண்டியிருக்கிறது. பல வருடம் கழித்து அதே பிள்ளை எங்களிடம் தனியாக வருகிறாள், தூக்கமில்லை என்று.

மதுரை மருத்துவன் எழுதியது:

மனநல மருத்துவனாக ஒன்றிரண்டு விஷயங்கள் சேர்க்கிறேன். இந்த இழையில் இன்னும் 'சுஸ்தோ' வரவில்லை. திடீர் அதிர்ச்சியில் உயிர் உடம்பை விட்டு விலகிவிடுகிறது, அதனால் தூக்கம், பசி, தெம்பு எல்லாம் போய்விடுகிறது என்கிற நம்பிக்கை, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பரவலாக உண்டு. நம் பக்கம் "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துட்டான், மந்திரிச்சுட்டு வா" என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 'மால் தெ ஓஹோ' அப்படியே நம் கண் திருஷ்டி. நாம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறோம், அங்கே குரந்தேரா, நாட்டு வைத்தியம் பார்க்கும் பெண், முட்டையை உடம்பெல்லாம் தடவி, தண்ணீர் டம்ளரில் உடைத்து ஊற்றிப் பார்க்கிறார். பெயர் லிம்பியா.

அப்புறம் 'அதாக்கே தெ நெர்வியோஸ்'. குடும்பத்தில் சாவு, பிரிவு என்று கேட்டவுடன் நெஞ்சிலிருந்து சூடு தலைக்கு ஏறி, கத்தி, அழுது, நடுங்கி விழுவது. போர்ட்டோ ரிக்கோ சிப்பாய்களிடம் இதைப் பார்த்த அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் 1950களில் 'போர்ட்டோ ரிக்கோ நோய்' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு மக்கள் துக்கப்படும் விதத்துக்கே நோய்ப் பட்டம். 1994இல் மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பில் இவையெல்லாம் பின்னிணைப்புக்கு வந்தன. 2013இல் ஐந்தாம் பதிப்பில் 16 கேள்விகள் கொண்ட ஒரு கலாச்சார நேர்காணலே சேர்த்தார்கள். அதில் முக்கியமானது, "உங்களுக்கு நடப்பதை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்கிற மாதிரியான கேள்வி. நான் மதுரையில் கிராமத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைக் கேட்க ஆரம்பித்த பிறகு எனக்கே நோய் விவரம் வேறு மாதிரி கிடைக்கிறது.

மொழி பற்றி ஒரு பழைய ஆய்வு. 1973இல் நியூயார்க்கில் லூயிஸ் மார்கோஸும் அவருடன் இருந்தவர்களும், ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட மனச்சிதைவு நோயாளிகளை இரண்டு மொழியிலும் பேட்டி கண்டார்கள். இங்கிலீஷில் பேசியபோது நோய் அதிகமாக இருப்பதாக மதிப்பிடப்பட்டது. தெரியாத மொழியில் தடுமாறுவதும், யோசித்து யோசித்துப் பேசுவதும், முகம் இறுகுவதும் நோயின் அறிகுறியாகத் தெரிகிறது. இதற்கு நேர்மாறான கவனிப்பும் அந்தக் காலத்தில் வந்தது. தாய்மொழியில்தான் நோய் முழுதாக வெளியே வருகிறது என்று. இரண்டுமே எனக்கு நியாயமாகத் தெரிகின்றன. எந்த மொழியில் பார்த்தாய் என்பதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால் இரண்டு பேருமே தப்பாகத்தான் படிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. "எனக்கு சுஸ்தோவால் சர்க்கரை வந்தது" என்று மெக்சிகோ மக்கள் சொல்வது மருத்துவ ஏடுகளில் நிறையப் பதிவாகியிருக்கிறது. கலாச்சாரத்தை மதிக்கிறேன் என்று சொல்லி யாராவது இரத்தம் எடுத்துப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

டெக்சாஸ் டீச்சர் எழுதியது:

டாக்டர் சொன்ன கடைசி வரிக்கு நன்றி. நான் சான் அன்டோனியோவில் பள்ளியில் வேலை பார்க்கிறேன், மாணவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி. எனக்கு இந்தக் 'கலாச்சாரப் பயிற்சி' என்ற பேச்சில் ஒரு பெரிய வருத்தம் உண்டு, அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஒரு பயிற்சியில் எங்களுக்கு ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். லத்தீனோக்கள் குடும்பப் பாசம் உள்ளவர்கள், ஃபமிலிஸ்மோ. ஆண்கள் மச்சிஸ்மோ, ஆம்பளைத் திமிர். பெண்கள் மரியானிஸ்மோ, தியாகம். எல்லாம் விதிப்படி என்று நினைப்பவர்கள், ஃபத்தலிஸ்மோ. அவ்வளவுதான், மதியம் சாப்பாடு, சான்றிதழ். அடுத்த வாரமே ஒரு அப்பா பள்ளி கூட்டத்துக்கு வரவில்லை, "மச்சிஸ்மோ, அம்மாவை மட்டும் அனுப்புகிறார்" என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். அந்த அப்பா கூரை வேலை செய்கிறவர். கோடையில் விடியுமுன் கிளம்பிப் போகிறார். கூட்டம் பிற்பகல் 2 மணிக்கு. ஒரு நாள் கூலி போனால் வாடகை இடிக்கும். இதில் மச்சிஸ்மோ எங்கே வந்தது? கூட்டத்தை மாலை 7 மணிக்கு மாற்றினோம், மனிதர் தலையை ஈரமாக வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், மகனின் நோட்டுப் புத்தகங்களைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று. உவால்டே எங்களிடமிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம்தான். 2022 மே 24 அன்று அங்கே ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுடப்பட்டு இறந்தார்கள். ஊரில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி. பிள்ளைகள் இங்கிலீஷில் கனவு காண்கிறார்கள், பாட்டி ஸ்பானிஷில் ஜெபமாலை சொல்கிறார், நடுவில் அப்பா அம்மா இரண்டும் கலந்து பேசுகிறார்கள். அந்த வீட்டுக்குள் இங்கிலீஷ் மட்டும் தெரிந்த ஒரு கவுன்சிலர் போனால் பிள்ளையோடு மட்டும்தான் பேச முடியும். பாட்டியின் துக்கம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் இருமொழி ஆட்கள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பக்கத் தாளைப் படித்துவிட்டு வரும் ஆட்கள் வேண்டாம்.

வயல்வெளி எழுதியது:

டீச்சர், அந்த ஈரத்தலை அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் கிளினிக்கில் படித்துக் காட்ட உங்கள் அனுமதி வேண்டும்.

நீங்கள் சொல்வது முழு உண்மை. எங்கள் கிளினிக்கில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பாதிப் பேர் வராமல் போவார்கள், "சிகிச்சையில் ஆர்வமில்லை" என்று குறிப்பில் எழுதுவது வழக்கமாக இருந்தது. அது திராட்சை அறுவடை. மாலை 7 மணிக்கு மேல் இரண்டு நாள் திறந்துவைத்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். கலாச்சாரம் என்று நாம் சொல்வதில் பாதி, வேலை நேரமும் பஸ் இல்லாததும் குடியேற்றக் காகிதமில்லாத பயமும்தான்.

லத்தீனோ என்பதே ஒற்றை ஆள் இல்லை. போர்ட்டோ ரிக்கோக்காரர் 1917இலிருந்து அமெரிக்கக் குடிமகன், அவரைப் பார்த்து விசா பற்றிக் கேட்டால் அவமானப்படுத்துகிறீர்கள். எல் சால்வதோர்க்காரர் 1980 முதல் 1992 வரை நடந்த போரைச் சுமந்து வந்திருப்பார். மியாமி கியூபா வீடு வேறு. அந்த வீடுகளில் அப்பா அம்மா கியூபாவில் நிற்க, பிள்ளைகள் அமெரிக்காவுக்கு ஓட, நடுவில் வெடிக்கும் சண்டையைப் பார்த்துத்தான் ஹோசே சபோச்னிக் 1970களில் குடும்பத்தையே உட்காரவைத்துச் செய்யும் குறுகிய கால சிகிச்சை முறையை உருவாக்கினார்.

அதைவிட முக்கியமாக, எங்கள் பக்கம் வரும் பலருக்கு ஸ்பானிஷே தாய்மொழி இல்லை. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்திலிருந்து வருகிற மிக்ஸ்தெக்கோ, திரிக்கி, சபோதெக்கோ மக்கள் வீட்டில் தங்கள் மொழிதான் பேசுவார்கள். குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்களிடம் மாம், கிச்சே. இவர்களை ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் என்று படிவத்தில் டிக் அடித்துவிடுகிறோம். ஒரு முறை ஒரு இளம் தாய், பிரசவம் முடிந்து ஆறு வாரம், எதைக் கேட்டாலும் "சீ, சீ" என்று தலையாட்டினாள். ஸ்பானிஷில் 'சீ' என்றால் ஆமாம். சோகமா? சீ. சந்தோஷமா? சீ. அவளுக்கு நான் பேசியதே புரியவில்லை, ஆனால் ஸ்பானிஷ் தெரியாது என்று சொல்ல வெட்கம், ஏனென்றால் அங்கே ஊரிலேயே தங்கள் மொழி பேசினால் மட்டமாகப் பார்ப்பார்கள். பிறகு போனில் ஒருவரைப் பிடித்தோம். நான் ஸ்பானிஷில் கேட்க, அவர் மிக்ஸ்தெக்கோவில் சொல்ல, அவள் பதில் அதே வழியில் திரும்பி வரும். மிக்ஸ்தெக்கோவில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். அவள் குரல் முதல்முறை ஏறி இறங்கியதை அன்றுதான் கேட்டேன். ஆக்ஸ்னார்டில் மிகோப் என்ற அமைப்பு 2001இலிருந்து இந்த மக்களோடு வேலை செய்கிறது, அந்த மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் எங்களால் ஒன்றும் முடியாது.

நிரலாளன் சகோ, 62 மில்லியன் பேருக்கு ஆளை எங்கே தேடுவது என்று கேட்டீர்களே, அதற்கும் இதுதான் பதில். ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். ப்ரொமோத்தோரா என்பார்கள், பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே வாழ்கிற பெண்கள், நம் கிராம சுகாதாரத் தன்னார்வலர் மாதிரி. மனநலம் என்று போர்டு வைத்தால் "நான் என்ன லோகாவா, பைத்தியமா?" என்று ஓடிவிடுகிற அம்மாக்கள், ப்ரொமோத்தோரா வீட்டு அடுப்படியில் சமையல் நடக்கும்போது எல்லாம் பேசுவார்கள். சான் டியேகோவில் பிள்ளை வளர்ப்புச் சிகிச்சை ஒன்றை மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களுக்காக மாற்றி அமைத்தபோது, அதை சிகிச்சை என்றே சொல்லாமல் பயிற்சி என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அப்புறம் கதை. நியூயார்க்கில் ஜுசெப்பே கோஸ்தான்தீனோவும் அவருடைய குழுவும் போர்ட்டோ ரிக்கோ நாட்டுப்புறக் கதைகளை எடுத்து, அம்மாக்களையே குழந்தைகளுக்குச் சொல்லவைத்து, அதைப் பற்றிப் பேசவைத்துச் செய்த 'குவென்தோ' சிகிச்சையில் குழந்தைகளின் பதற்றம் குறைந்தது என்று 1986இல் எழுதினார்கள். பழமொழியும் அப்படித்தான். "அழுக்குத் துணியை வீட்டிலேயே துவைக்க வேண்டும்" என்று ஒரு பெண் என்னிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று நம் வீட்டிலும் இதைத்தானே சொல்வார்கள். அவளிடம் வாதம் செய்யவில்லை. "துவைக்கத் தண்ணீர் வேண்டுமே, உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லை, தண்ணீரை அவர் பூட்டி வைத்திருக்கிறார்" என்றாள். அன்று ஒரு மணி நேரம் பேசினாள்.

நிரலாளன் எழுதியது:

அந்தத் தண்ணீர் வரியை மூன்று முறை படித்தேன். நான் என் அம்மாவிடம் போன் செய்து, டெட்ராய்டில் முதல் வருடங்கள் எப்படி இருந்தன என்று முதல்முறையாகக் கேட்டேன். "சமாளித்தோம்" என்று நான்தான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. அதைப் பற்றி வேறொரு நாள்.

ஒரு கேள்வி. 2025 மார்ச்சில் இங்கிலீஷே அதிகாரப்பூர்வ மொழி என்று ஜனாதிபதி உத்தரவு வந்ததே, அதோடு இந்த மொழிபெயர்ப்பு ஏற்பாடெல்லாம் சட்டப்படி முடிந்துவிட்டதா?

வயல்வெளி எழுதியது:

அம்மாவிடம் கேட்டீர்களே, மிகவும் சந்தோஷம் சகோ.

முடியவில்லை. அந்த உத்தரவு, இங்கிலீஷ் சரியாகத் தெரியாதவர்களுக்கும் அரசு சேவை கிடைக்க வேண்டும் என்று கிளின்டன் 2000இல் போட்ட 13166 என்ற உத்தரவை ரத்து செய்தது. ஆனால் 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவும், நான் மேலே சொன்ன 1557ஆம் பிரிவும் காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள், அவற்றை ஒரு உத்தரவால் எடுக்க முடியாது. ஆனால் பயம் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. குடியேற்ற அதிகாரிகள் பக்கத்து ஊரில் வந்தார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றினால் அன்று எங்கள் வரவேற்பு அறை காலி. பிள்ளை இங்கே பிறந்த குடிமகன், அம்மாவுக்குக் காகிதம் கிடையாது, ஒரே வீட்டில் இரண்டு நிலைமை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு வரும் பதற்றத்தை "பகுத்தறிவற்ற பயம்" என்று எழுதச் சொல்கிறது பாடப்புத்தகம். எது பகுத்தறிவற்றது? அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பிடித்தால் யார் பள்ளிக்கு வந்து கூப்பிடுவார், எந்த அத்தையின் போன் நம்பர் மனப்பாடம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுகிறோம். மூச்சுப் பயிற்சியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஸ்கார்பரோக்காரன் எழுதியது:

எல் சால்வதோர் எண்டதும் எனக்கு இக்னாசியோ மார்ட்டீன் பாரோ ஞாபகம் வந்தது. பாதிரியார், உளவியலாளர். சனத்தை அடிச்சு நொறுக்கிற போருக்குள்ள இருந்துகொண்டு, ஒவ்வொரு ஆளின்ர மண்டைக்குள்ளயும் மட்டும் நோயைத் தேடாதேங்கோ, அந்தச் சமூகத்துக்கு நடந்ததைப் பாருங்கோ எண்டு எழுதினவர். 1989 நவம்பர் 16 ராணுவம் அவரையும் மற்றப் பாதிரிமாரையும் பல்கலைக்கழக வளவுக்குள்ளயே சுட்டுக் கொன்றது. யாழ்ப்பாணத்தில டொக்டர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு எண்டு கதைச்சதும் எனக்கு அதே மாதிரித்தான் கேக்குது. எங்கட சனத்துக்கும் அந்தச் சனத்துக்கும் நடுவில கடல் இருக்கு, ஆனால் கதை தெரிஞ்ச ஆள் இருந்தால் விளங்கும். அம்மம்மாவுக்கு முன்னால அப்பிடி ஒருத்தர் இருந்திருந்தால்.

புதுமாணவி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் அரிசோனாவில் சமூகப் பணி முதுகலை முதல் வருடம். ஸ்பானிஷ் சுமாராகத் தெரியும். லத்தீனோ இல்லாத நான் இந்த வேலைக்கு வரலாமா, வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது அக்கா? போன வாரம் நேர்முகத்தில் "உனக்கு ஸ்பானிஷ் தெரியுமே, படிவங்களையும் மொழிபெயர்த்துக் கொடு" என்று இப்போதே சொல்கிறார்கள்.

வயல்வெளி எழுதியது:

வரலாம்மா, வா. படிவ மொழிபெயர்ப்பு பற்றி முதலில்: சம்பளம் இல்லாமல் செய்யாதே. இருமொழி ஆட்கள் இந்தத் துறையை விட்டு ஓடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். கேஸ் அதே அளவு, கூடவே எல்லாருடைய போன் அழைப்பும் நம் தலையில். ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு.

உன் ஸ்பானிஷ் எந்த அளவு என்பதை யாராவது சோதித்துச் சொல்லும்படி கேள். பேசத் தெரிவது வேறு, "உங்களுக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா" என்று நடுங்காமல் கேட்கத் தெரிவது வேறு. வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த லத்தீனா தோழிகளே, படிப்பு முழுக்க இங்கிலீஷில் இருந்ததால் அந்தச் சொற்கள் தங்களிடம் இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உன் வேலையை மேற்பார்வை செய்கிறவரும் ஸ்பானிஷில் உன்னோடு பேச முடிகிறவராக இருந்தால் விடாதே. சான் அன்டோனியோவில் அவர் லேடி ஆஃப் த லேக் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஸ்பானிஷ் வழிப் பயிற்சி வைத்திருக்கிறது, டீச்சருக்குத் தெரிந்திருக்கும்.

988 நெருக்கடி உதவி எண்ணில் 2ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசலாம், 2023 ஜூலையிலிருந்து குறுஞ்செய்தியும் ஸ்பானிஷில் உண்டு. அதை ஒரு சீட்டில் எழுதி எப்போதும் பையில் வைத்திரு, யாருக்குக் கொடுக்க நேரும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் சனிக்கிழமை காலையில் உன் ஊர் புல்காவுக்குப் போ, பழைய சாமான் சந்தை. ஒரு வயதான அம்மாவிடம் நோப்பால் கள்ளி எப்படி முள் நீக்குவது என்று கேள். உஸ்தெத் போட்டுக் கேள். அவர் கத்தியை உன் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார்.

டெக்சாஸ் டீச்சர் எழுதியது:

தெரியும், அங்கே படித்த இருவர் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள். தனிமடல் அனுப்பும்மா, கேட்டுச் சொல்கிறேன். வயல்வெளி, அந்த அப்பாவைப் பற்றித் தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். அவருடைய மகன் இந்த வருடம் எட்டாம் வகுப்பு.